துபாசிக்கு உறவு கூடாது

என்னிடம் ஒரு சர்ட்டிபிகேட் இருக்கிறது. தமிழில் சொல்வதை இங்கிலீஷிலும் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழிலும் கோர்ட்டுக் கச்சேரியில் நின்று வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்தது. கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் பிறந்தவர்களில் அதை வாங்கிய முதல் ஆள் நான்தான். எனக்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. வாங்கவும் வேண்டாம். அதை வாங்கியதால் எனக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். நல்ல சேதி ஏதாவது வரும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

என் தகப்பனார் மிளகு மூட்டை சுமந்து சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்குவார். அங்கே மண்டி வைத்திருந்தவர் என்னைத் தன் கடையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கடையைப் பெருக்கினேன், பள்ளிக்கூடம் போனேன், பிறகு நாமக்கல்லில் பெரிய படிப்பு. மலையில் எனக்குப் பெயரே 'இங்கிலீசு' என்று ஆகிவிட்டது. யாருக்காவது கச்சேரியிலிருந்து காகிதம் வந்தால் என்னைத் தேடி இறங்கி வருவார்கள். நானும் கச்சேரி வாசலில் நின்று அவர்களுக்காகப் பேசிக் கொடுப்பேன்.

அதற்கு வந்தது இடைஞ்சல். ஜில்லாத் தலைநகரில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஜவுளிக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுவார்கள். பரீட்சை எழுதித் தேறாத எவனும் கச்சேரிக்குள் வாய் திறக்கக் கூடாது என்று அவர்கள் மனு மேல் மனுவாகப் போட்டு அந்த விதியை வாங்கிவிட்டார்கள். கண்டவனெல்லாம் துபாசி வேலை பார்ப்பதால் நியாயம் கெடுகிறதாம். அவர்கள் சொன்னது பொய்யில்லை. காசுக்கு வாக்குமூலத்தைத் திருப்பிச் சொல்லும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் விதி வந்த அன்றைக்கு வாசலில் தள்ளி நிறுத்தப்பட்டவன் நான். சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று ரோஷம் வந்துவிட்டது.

சங்கத்தின் காரியதரிசி தங்கமான மனிதர். மூக்குப்பொடி வாசனையோடு பக்கத்தில் உட்கார வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார். துபாசிக்கு மூன்று விதிகள். ஒன்று, சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டு, 'அவன் இப்படிச் சொல்கிறான்' என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. அவன் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். மூன்று, கட்சிக்காரன் உனக்கு உறவாக இருக்கக் கூடாது, வழக்கைப் பற்றி அவனோடு வெளியே பேசவும் கூடாது. மூன்றையும் தலைகீழாகச் சொல்லும் அளவுக்குப் பாடம் பண்ணினேன். கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் எழுதிய மனுக்களைப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். ஒருவர் தமிழில் வேகவேகமாகத் திட்டிக்கொண்டே போக, நான் அதே வேகத்தில் இங்கிலீஷில் திட்டினேன். தேறிவிட்டேன், சப் கலெக்டர் கச்சேரியில் துபாசி வேலையும் கிடைத்தது. சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு மலையேறினேன். அம்மா அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். நாட்டின் பட்டக்காரர் என் தோளில் கையைப் போட்டு, "மாப்ளே, இனி நம்ம வாய் உன்ர வாய்" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பட்டக்காரர் என்றால் அந்த நாட்டுக்கே தலைவர். வழக்குத் தீர்ப்பது, திருவிழாவுக்கு நாள் வைப்பது எல்லாம் அவர்தான். அவருக்கும் எனக்கும் ரத்தத்தில் ஒட்டு இல்லை. கொள்வினை கொடுப்பினையும் இல்லை. ஆனால் எங்கள் நாட்டில் ஒரே குலத்தான் என்றால் பங்காளி, வேறு குலத்தான் என்றால் மாமன் மச்சான். இந்த இரண்டில் ஒன்றில் சேராத மனிதனே மலைமேல் கிடையாது. வழியில் எதிர்ப்படும் முன்பின் தெரியாத கிழவரையும் குலம் கேட்டுவிட்டு 'மாமா' என்றோ 'பெரியப்பா' என்றோதான் கூப்பிடுவோம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது சண்டைக்கு இழுப்பது. மூன்றாவது விதியைப் பாடம் பண்ணும்போது இது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வருஷம் சாமை விதைக்கப் புதர் வெட்டிப் புனம் எரித்தார்கள். ஊரே சேர்ந்துதான் எரித்தது. காற்று திரும்பி, நெருப்பு சர்க்கார் காட்டுக்குள் ஏறிவிட்டது. ஊரே சேர்ந்துதான் அணைத்தது. பாதிச் சரிவு கருகிப் போயிற்று. வனக்காவலர்கள் வந்து பார்த்துவிட்டு, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் பட்டக்காரர் பேரில் வழக்கு எழுதினார்கள்.

வக்கீல் வைக்கச் சொல்லி மண்டிக்காரர் சொல்லி அனுப்பினார். மலையில் கேட்கவில்லை. "நம்ம பையன் கச்சேரிக்குள்ளயே நிக்கிறானே, வக்கீல் எதுக்கு" என்றார்களாம். என்னை நம்பி அவர் கூண்டில் ஏறினார். இதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

வழக்கை விசாரித்த சப் கலெக்டர் துரை சின்ன வயசுக்காரர். அவரும் எங்களைப் போலப் பரீட்சை எழுதித் தேறியவர்தான், தமிழில். "நீவிர் எவ்விடத்திலிருந்து வருகின்றீர்?" என்று தெளிவாகக் கேட்பார். பதில் வந்தால்தான் விழிப்பார். அதனால் துபாசி இல்லாமல் வழக்கு நடக்காது. பட்டக்காரரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியவர் சுற்றுமுற்றும் பார்த்து, என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டார்.

"மாப்ளே, நீ இங்கதான் நிக்கிறயா? அப்பறம் எனக்கென்ன கவலை."

சர்க்கார் தரப்பு வக்கீல் கீழ்நாட்டுத் தமிழர். சட்டென்று எழுந்தார். "இவர் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மாப்ளைங்க."

"சொந்தமா?"

"சொந்தமில்லாமங்களா? என்ர நாட்டுப் பையனுங்க."

துபாசிக்குக் கூண்டில் நிற்கும் எதிரியோடு உறவு என்று வக்கீல் ஆட்சேபித்தார். துரை என் பக்கம் திரும்பி, உறவு உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றார். எங்கள் மலையில் எல்லோருமே அப்படித்தான் என்று ஆரம்பித்தேன். "ஒரே வார்த்தை" என்றார் மறுபடியும். ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். ஊரார் பேச்சையெல்லாம் பெயர்க்க சர்ட்டிபிகேட் வாங்கியவன், என் பேச்சைப் பெயர்க்க ஆளில்லாமல் நின்றேன். துரை வாய்தா போட்டார். அடுத்த முறையும் இதே கேள்வியைக் கேட்பேன், உறவு என்றால் தலைமைக் குமாஸ்தா துபாசியாக நிற்பார் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்தக் குமாஸ்தாவுக்கு மலைக்காரன் என்றாலே மூக்குச் சுளிப்பு. எதைச் சொன்னாலும் காதில் வாங்காமல் பாதியில் வெட்டுவார்.

வெளியே வந்ததும் பட்டக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "உறவுன்னு இருந்தா நான் பேசக் கூடாதாமுங்க மாமா. உறவில்லைன்னாத்தான் உடுவாங்களாம்."

"இருக்கறதை இல்லைன்னு எப்படிச் சொல்றது கண்ணு? அந்த மேடையில நின்னு பொய் சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டு, யோசித்துக்கொண்டே கூட வந்த ஆட்களோடு மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் நடந்தார். கச்சேரி மேடையும் கோயில் மேடையும் அவருக்கு ஒன்று.

அறைக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு வேறொன்று பிடிபட்டது. எங்கள் நாட்டில் யார் தப்புச் செய்தாலும், சபையில் முதலில் எழுந்து 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல வேண்டியவர் பட்டக்காரர். அப்படிச் சொல்லி மேல்துண்டை இடுப்பில் கட்டிச் சபைமுன் விழுந்து எழுந்தால், தப்பு நாட்டின் பொதுவாகிவிடும். பிறகு தண்டத்தை ஊரே பகிர்ந்து கட்டும். செய்தவன் தலைகுனிந்து வீட்டுக்குப் போவான், விஷயம் தீர்ந்தது. கச்சேரியில் இந்த மனிதரிடம் 'தீ வைத்தாயா' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? வழக்கைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற விதி கிடக்கட்டும், போய்ச் சொல்லிவிடுவோம், 'நான் வைக்கவில்லை' என்ற ஒரு வார்த்தையை அவர் வாயில் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். லீவு கிடைத்ததும் மலையேறினேன்.

ஏறிப் போனபோது கோயில் முன்னால் நாடு கூடியிருந்தது. எனக்காகத்தான் கூடியிருந்தார்கள். நான் வருவேன் என்று எதிர்பார்க்கவில்லையாம். வந்தது நல்லதாகப் போயிற்று என்றார்கள். என்னைச் சபை நடுவில் நிறுத்தினார்கள். அம்மா பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டக்காரர் எழுந்தார்.

"இவன் நமக்காகப் பேசோணும்னா இவனுக்கு உறவு இருக்கக் கூடாதுன்னு சட்டம். பொய் சொல்லி நம்மால ஆகாது. அதனால நெசமாவே உறவை அறுத்துரலாம். நாட்டுக்கு வேண்டித்தான் செய்யறோம். இவன் மேல ஒரு குத்தமும் இல்லை, அதை எல்லாரும் கேட்டுக்கங்க."

எங்களிடம் உறவை அறுக்க ஒரே வழிதான் உண்டு. பெருங்குற்றம் செய்தவனை ஒதுக்கி வைக்கிற வழி. அவனுக்கு எந்த வீட்டிலும் நெருப்பும் தண்ணீரும் கொடுக்க மாட்டார்கள். யாரும் அவனோடு பேச மாட்டார்கள். அவன் பேசுவது காதில் விழக் கூடாது. பிரியமாக ஒதுக்கி வைக்க அவர்களுக்கு வேறு முறை தெரியாது. நான் "மாமா, கொஞ்சம் பொறுங்க" என்று வாயெடுப்பதற்குள் அவர் ஒரு துரும்பைக் கிள்ளி இரண்டாக்கி என் காலடியில் போட்டுவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் ஓடியது. ஒதுக்கப்பட்டவனுக்காகப் பட்டக்காரர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"கச்சேரியில 'நான்தான் செஞ்சேன்'னு சொல்லாதீங்க. சொன்னா ஜெயிலுங்க" என்று கத்தினேன். சபை முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவரும் திரும்பிக்கொண்டார். செவிடர்களா அவர்கள்? காதில் விழுந்திருக்கும். விழுந்ததாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது முறை. நான் மறுபடி மறுபடி சொன்னேன். தொண்டை கட்டிப் போயிற்று. கடைசியில் அம்மாவின் முன்னால் போய் நின்றேன். அவள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என் நிழல் அவள் மேல் விழுந்ததும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

வாய்தா நாள் வந்தது. வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். "இவர் உனக்கு என்ன வேணும்?"

பட்டக்காரர் என்னைப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றார். "துரும்பு கிள்ளியாச்சுங்க."

அதையும் நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொன்னேன். துரைக்குத் திருப்தி. குற்றச்சாட்டை வாசித்தார்கள். எங்கள் மலைப் பேச்சில் நிறுத்தி நிதானமாக அவருக்குச் சொன்னேன். சர்க்கார் காட்டுக்குத் தீ வைத்ததாகச் சொல்கிறார்கள், வைத்தீரா என்று கேட்டேன். கச்சேரி உத்தியோகமாகக் கேட்பதால் இது மட்டும் அவர் காதில் விழலாம்.

நிமிர்ந்து நின்றார். "நான்தானுங்க வச்சேன்."

கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். நான்தான் தீ வைத்தேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். சொல்லிவிட்டு, மூச்சு விடாமல், ஐயா, எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு என்று ஆரம்பித்தேன். துரை கையை உயர்த்தினார்.

"அதை இவன் இப்போது சொன்னானா?"

"இல்லை."

"பிறகு நீ ஏன் சொல்கிறாய்?"

வக்கீல் சிரித்துக்கொண்டே, "உறவில்லாதவர் ரொம்பத்தான் பரிந்து பேசுகிறார்" என்றார். துரை என்னைக் கோபிக்கவில்லை. துபாசி சாட்சியாகக் கூடாது என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது சரி. பரீட்சையில் அதற்குத்தான் எனக்கு மார்க்குப் போட்டார்கள்.

அதற்குள் பட்டக்காரர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கூண்டை விட்டு இறங்கி மேடைமுன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று வாசலைப் பார்த்து நடந்தார். போலீஸ்காரர் கையைப் பிடித்து நிறுத்தியதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பக்கம் பார்க்க முகத்தைத் திருப்பி, நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். அவர் விழுந்ததற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கச்சேரியிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நான் பெயர்க்க ஒன்றுமில்லை. தண்டனையைத் துரை படித்தார். அதை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். சங்கத்துக் காரியதரிசி அன்று வேறு வழக்காக வந்தவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து என் முதுகில் தட்டி, "ஒரு பிசிறு இல்லை தம்பி, சங்கத்துக்கே பெருமை" என்றார். அந்த நல்ல மனிதரை அன்றைக்கு அடித்திருப்பேன்.

இப்போது என் நிலையைப் பாருங்கள். மாமனையும் காப்பாற்றவில்லை, ஊருக்கும் ஆகாதவன் ஆனேன். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பார்களே, அதுதான். கிள்ளிய துரும்பை எடுத்துச் சேர்க்க அதே கைதான் வேண்டும், அதுவும் சபை நடுவில். அந்தக் கை ஜெயிலில் கல் உடைத்துக்கொண்டிருந்தது.

உத்தரவு வாங்கி ஜெயிலுக்குப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கீழ்நாட்டு வெயிலும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஜெயிலுக்குள்ளும் நாட்டு முறையை விடவில்லை. பக்கத்தில் நின்ற வார்டரிடம் பேசினார்.

"வார்டரய்யா, வெளிய நிக்கிறவங்ககிட்ட ஒரு சேதி சொல்லுங்க. நான் மேல போனதும் மொதக் காரியம் நாட்டைக் கூட்டறதுதான்னு சொல்லுங்க. அவங்க அம்மாளைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க."

வார்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, ரெண்டு பேரும் தமிழ்தான பேசறீங்க? நேராப் பேசிக்கறது?" என்றார். நான் காரணம் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, அவர் சொன்னதை எனக்குச் சொன்னார். பிறகு நான் வார்டரிடம் சொன்னேன்: நீங்கள் என்னை நம்பி வந்தீர்கள், என்னால் ஒன்றும் ஆகவில்லை. வார்டர் அதை அவரிடம் சொன்னார். பட்டக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வார்டர் என்னிடம் திரும்பி, "சேதி ஒண்ணும் இல்லீங்க. ஆனா கிழவர் அழுவறாருங்க. உங்க மேல உசிரையே வெச்சிருக்காரு, பாத்தாலே தெரியுது" என்றார்.

சொல்லாததைக் கூட்டிச் சொன்னார் அந்த வார்டர். எந்தப் பரீட்சையிலும் தேறியிருக்க மாட்டார். கச்சேரியில் அவர் என் இடத்தில் நின்றிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

விடுதலைக்கு முன்பே பட்டக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். கச்சேரிக்குத் தகவல் வந்த அன்று நான்தான் அந்தக் காகிதத்தைத் தமிழில் பெயர்த்தேன். அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டதாக அதில் இருந்தது. மலைக்கு யார் போய்ச் சொல்வது? சேவகன் ஏறிப்போக நாளாகும். நானே போனேன்.

அவர் வீட்டு முன்னால் போய் நின்றேன். அவருடைய தம்பி ராகி காயப்போட்டுக்கொண்டிருந்தார். புதுப் பட்டக்காரர் இனி அவர்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவுச் சேதியையும் என் வாயிலிருந்து அவர்கள் கேட்கக் கூடாது. அதற்காகச் சொல்லாமல் திரும்ப முடியுமா? எதிரே இருந்த பலாமரத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன். மாமா போய்விட்டார். ஜெயிலிலேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அழுகை எழுந்தது. பக்கத்து வீட்டிலும் எழுந்தது. ஊர் கூடிவிட்டது. அவர் உடுத்திய வேட்டியைப் பலகையில் வைத்து, உடம்பு இல்லாத குறைக்கு அதற்கே சடங்கு செய்தார்கள். தம்பிக்காரர் முறைப்படி ஒவ்வொரு உறவாகக் கூப்பிட்டார். பங்காளிகள் வந்து தண்ணீர் ஊற்றினார்கள். மாமன் மச்சான்கள் வந்து ஊற்றினார்கள். அடுத்து மாப்பிள்ளை முறை. "மாப்ளைமாருங்க வாங்க" என்று கூப்பிட்டார். என் வயசுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் பலாமரத்தடியில் நின்றேன். கூட்டத்திலிருந்து அம்மா ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி, நான் நின்ற பக்கம் பார்த்தாள்.

ஊற்றி முடிந்ததும் தம்பிக்காரர் சபையைப் பார்த்து வழக்கப்படி கேட்டார். "இன்னும் முறையுள்ளவங்க ஆராவது பாக்கி இருக்காங்களா?"

"ஆருமில்லீங்க" என்றது ஊர்.